மாதா கழுத்துக்கு ஒரு செதில் மாலை

மீன் செதிலில் ரோஜாப்பூ செய்யலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்த ஆள் எங்கே இருந்தாலும் அவர் சோற்றில் ஒரு செதில் கிடக்கட்டும். என் சோற்றில் கிடந்தது. ரசத்தில் மிதந்தது. சீப்பில் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்க வாயைத் திறந்தபோது, பூசை வைத்த சாமி ஒரு நொடி தயங்கி, என் உதட்டோரத்திலிருந்து எதையோ விரலால் எடுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் நன்மை கொடுத்தார். அதுவும் செதில்தான்.

உடும்பஞ்சோலைக்கு மேலே, ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைத் தாண்டினால் எங்கள் ஆரோக்கிய மாதா கோயில். கோயில் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோயிலை ஒட்டிய ஹாலில் வியாழக்கிழமைதோறும் ஜெபமாலை முடிந்த கையோடு பெண்கள் உட்கார்ந்து செய்கிற கைவேலை மேல்தான் குறை. குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டிலில் மயில் செய்தார்கள். அந்த மயிலின் கழுத்தில் பாட்டிலின் மூடி அப்படியே இருந்தது. ஐஸ் குச்சியில் அந்தோணியார் செய்தார்கள். அவர் கையிலிருந்த குழந்தை யேசுவின் காலில் ஆரஞ்சு ஐஸின் சாயம் போகவே இல்லை. எறும்பு வந்து இரண்டு பேரையும் நக்கியது. ஒரு கிறிஸ்துமஸுக்குத் தெர்மாகோலில் ஆட்டுக்குட்டிகள் செய்து குடிலில் வைத்தார்கள். அதைக் கோயில் உபதேசியார் இன்னாசிராஜின் வெள்ளாடு புகுந்து தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆடு ஓடையில் இறங்கினால் முழுகாமல் மிதந்துகொண்டே அக்கரைக்குப் போகும். நம்பாதவர்கள் ஆட்டையே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன், ஈஸ்டருக்கு வெட்டிவிட்டார்கள்.

என் மனைவி செபமாலையம்மாள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. சிரிப்புச் சத்தம் கோயில் மணியை அமுக்கும். பிளாஸ்க்கில் டீ, கப்பைக்கிழங்கு வறுவல், ஊர்க்கதை, நடுநடுவே பெவிகால். நானும் வியாழக்கிழமை தவறாமல் போவேன். உள்ளே போவதில்லை. வராந்தாவில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன்.

என் வேலை ஏலக்காய் மாலை. எங்கள் துண்டு நிலத்தில் பறித்த காயில் கொழுத்ததாக, பச்சை மாறாததாகப் பொறுக்கி, ஊசியில் கோத்து, இடையிடையே சரிகைக் குஞ்சம் வைத்துக் கட்டுவது. செப்டம்பர் திருவிழாவுக்குச் சப்பரத்தில் மாதா எழுந்தருளும்போது அவள் கழுத்தில் என் மாலைதான் கிடக்கும். எனக்கு நினைவு தெரிந்த சாமியார்கள் எல்லாரும் அதை மோந்து பார்த்து, "ராயப்பா, மோட்சம் இப்படித்தான் மணக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் இடம் மாறிப் போயிருக்கிறார்கள்.

மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தோட்டத்தின் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காயைத் தட்டுகளில் பரப்பிச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தில், என் வேலைக்காலம் முழுதும் இருந்தேன். காய் எப்போது பதம் என்பதை வாசலில் நின்றே மூக்கால் சொல்வேன். காற்று அடிக்கும் பக்கம் பார்த்துச் சதுரங்கப்பாறை உச்சியில் நின்றால், கீழே போடியில் எந்தத் தெருவில் வெங்காயம் வதங்குகிறது, அதில் எண்ணெய் போதுமா போதாதா என்று சொல்லுவேன். ஒருமுறை போதாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாள் ஊற்றிக்கொண்டதாகத் தகவல் வந்தது.

இந்த மூக்குக்கு மீன் மட்டும் ஆகாது. கருவாடு என்று எழுதிய பலகையைப் பார்த்தாலே தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

"ராயப்பர்னு பேரை வச்சுக்கிட்டு மீனைக் கண்டா ஓங்கரிக்கிற ஆளு லோகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் செபமாலை. "அவரு யேசு கூப்புடுறதுக்கு முந்தி கடல்ல வலை வீசுனவரு. நீங்க கொசுவலையைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் படுக்கீக."

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் மகன் சூசைமாணிக்கம் ஆலப்புழைக் கடற்கரையிலிருந்து பெண் கட்டினான். பிக்கப் ஓட்டுகிறவன். மீன் ஏற்றப் போன இடத்தில் மனசையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பெண் பெயர் சிஞ்சு. நல்ல பெண். ஒரே ஒரு குறை, வியாழக்கிழமை ஹாலில் போய் உட்கார்ந்து, "சேச்சிமாரே, எங்க ஊர்ல செதில்ல பூ செய்யும்" என்று சொன்னது.

அன்றிலிருந்து என் வீட்டுக் குளியலறை குளியலறையாக இல்லை. வெள்ளிக்கிழமை மீன் வண்டி ஆரன் அடித்ததும் சிஞ்சு ஓடுவாள். மீன்காரன் குப்பையில் தள்ள வேண்டியதைச் சாக்கில் கட்டிக் கொடுப்பான். கொடுக்கும்போது அவன் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். அந்தச் சாக்கை வாளிகளில் கவிழ்ப்பாள். கொழகொழவென்று சளி பிடித்த செதில், நடுவே ஒரு செவுள், ஒரு கண். அந்தக் கண் நான் பல் விளக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். உப்பு போட்டு அலசு, வினாகிரி, அதாவது வினிகர், ஊற்றி ஊறவை, சோப்புத் தூளில் கசக்கு, மறுபடி உப்பு. பிறகு சாயத்தில் முக்கிக் கம்பியில் கட்டினால் இளஞ்சிவப்பில் ஒரு ரோஜா. தூரத்திலிருந்து பார்த்தால் அழகுதான். நான் சொல்லும் தூரம் அடுத்த ஊரான பூப்பாறை.

பெண்களுக்கு அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. ஹாலில் வட்டமாக உட்கார்ந்து செதில் அடுக்குவார்கள். ஒருத்தி மூக்குத்தியில் செதில், ஒருத்தி டீயில் செதில். சிரிப்பு மட்டும் குறையவில்லை. கோயில் வளாகத்துப் பூனைகள் ஜெபமாலைக்கு நேரத்துக்கு வர ஆரம்பித்தன. ஒரு கிழட்டுக் கடுவன் கடைசி மறையுண்மை வரை மண்டியிட்டே இருந்ததை நானே பார்த்தேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்தப் பூவெல்லாம் மேசைக்கு இல்லை. மாதா கழுத்துக்கு.

"கழுத்து ஒண்ணுதான இருக்கு" என்றேன் செபமாலையிடம்.

"அதான் இந்த வருசம் நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க."

"நாத்தம் புடிச்ச மாலையை மாதாவுக்குப் போடவா?"

"அவ மவனே மீன்காரங்க கூடத்தான் சுத்துனாரு. அவளுக்குப் பழக்கம்தான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். கதவோரம் சிஞ்சு நின்றிருந்தாள். கையில் ஒரு பூ. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அப்பச்சா, எங்க அம்மச்சி திருவிழாவுக்கு வரும்" என்றாள்.

அவள் அம்மா பிலோமினா மீன் கூடை தலையில் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், கோயில் வாசலில் மகளைப் பார்த்து, மலைக்குப் போனால் கடல் உன்னை விட்டுப் போய்விடும், அப்புறம் நீ எனக்கு விருந்தாளிதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு போனில் இருமல் மட்டும் கேட்கும். மலைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"அம்மச்சி எங்க கோயில்ல இந்தப் பூ கட்டும். இங்க மாதா கழுத்துல அது கிடக்கது கண்டா, எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லன்னு அம்மச்சிக்கு மனசிலாவும். வாயால சொன்னா நம்பாது."

எனக்கு மனசிலாயிற்று. ஆனால் மூக்குக்கு மனசு கிடையாது. மறுநாளே சாமியிடம் போய்ப் பிராது கொடுத்தேன்.

சாமி சின்ன வயதுக்காரர். கமிட்டியைக் கூட்டினார். செதில் மாலையை ஹால் மேசையில் வைத்தார்கள். பத்தடி தள்ளி நின்ற நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

சாமி சொன்னார்: "மாலை அழகா இருக்கு. நாத்தம் இருந்தா போட முடியாது, இல்லன்னா போடலாம். திருவிழாவுக்கு முந்தின நாள் பாப்போம். ராயப்பன் ஐயாவே மோந்து சொல்லட்டும்."

"அவருதான் எதிராளி சாமி" என்றாள் செபமாலை.

"இருக்கட்டும்மா. அவரு மூக்கு பொய் சொல்லாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வாயைப் பத்தி வேற மாதிரி சொல்றாங்க. நாம மூக்கைத்தான கேக்கப் போறோம்."

இப்படியாக என்னையே நீதிபதியாக்கிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே நிம்மதி. காரணம் பனி.

அந்த வருடப் பனி போல நான் பார்த்ததில்லை. கொடியில் துணி காயப்போட்டால் எடை கூடிக் கொடி அறுந்துவிடும். இன்னாசிராஜின் கோழி பரணிலிருந்து முட்டையிட்டது. முட்டை பனியில் சிக்கிக்கொண்டு அந்தரத்திலேயே நின்றது. நாங்கள் கீழே கூடையை வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தோம். அப்படிப்பட்ட ஈரத்தில் செதில் எங்கே காயும்? சிஞ்சு அடுப்பு மேலே தொங்கவிட்டாள், இஸ்திரிப் பெட்டி வைத்துப் பார்த்தாள், விசிறிக்கடியில் பரப்பினாள். காலையில் கொஞ்சம் காயும், மத்தியானம் ஈரம் ஏறும், சாயங்காலம் ஆலப்புழைத் துறை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரும். சிஞ்சு சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கும் சோறு இறங்கவில்லை, காரணம் வேறு.

என் மாலைக்கும் பனி எதிரிதான். கோத்த காய் ஈரம் குடித்தால் வெளுத்து மெத்தென்று ஆகிவிடும். அதனால் கட்டி முடித்ததும் இன்னாசிராஜின் ஸ்டோரில் மேல் கம்பியில் தொங்கவிட்டுவிடுவேன். கோயிலுக்கு உபதேசியார் என்றாலும் பிழைப்புக்கு அவருக்கு ஒரு சின்ன ஸ்டோர் உண்டு; சுற்றுப்பட்ட சிறு நிலக்காரர்கள் எல்லாம் அங்கேதான் காய் உலர்த்துவோம். திருவிழா வாரம் யாரும் காய் கொண்டுவர மாட்டார்கள். காலி ஸ்டோர், மிதமான சூடு, நடுவே என் மாலை ஒற்றையாக, ராஜா மாதிரி.

முந்தின நாள் காலை மாலையை எடுக்கப் போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. கதவைத் திறந்தேன். உள்ளே ஏலக்காய் வாசனையும் இருந்தது. மீனும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு என் மூக்கில் ஏறின. ஒரு பாயசத்தில் மத்தி துள்ளுவதை நினைத்துப் பாருங்கள். நான் நினைக்கவில்லை, வெளியே ஓடிப்போய்க் குனிந்துகொண்டேன்.

மேல் கம்பியில் என் மாலை. நேர் கீழே தட்டில், வரிசையாக, இளஞ்சிவப்பு ரோஜாக்கள்.

"வே உபதேசியாரே, என் மாலைக்குக் கீழ என்னத்த வச்சிருக்கீரு?"

இன்னாசிராஜ் விறகைத் தள்ளிக்கொண்டே திரும்பினார். "உம்ம மருமவ பூவு. நேத்து காலையில அழுதுகிட்டே கொண்டாந்துச்சு. எடம் சும்மாத்தான கெடக்கு, வச்சுக்க தாயின்னேன்."

"நாறலையா உமக்கு?"

"எனக்கு எது நாறுது அண்ணாச்சி. கொரோனாவுல போன மூக்கு இன்னும் வரல. போன வாரம் பெட்ரோலைச் சீமெண்ணெய்னு நெனச்சு அடுப்புல ஊத்தப் போனேன்."

"ஊத்தியிருக்கலாம்."

"என்ன அண்ணாச்சி, அதுவும் மாதாவுக்கு, இதுவும் மாதாவுக்கு. ரெண்டும் சேந்து காயட்டும்னுதான்."

மாலையைக் கம்பியிலிருந்து இரண்டு விரலால் எடுத்தேன். பச்சை மாறவில்லை, ஒரு காய் வெடிக்கவில்லை, சரிகை மின்னியது. நாற்றம் மட்டும் மத்தி. ஏலக்காய் எதையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும், அது அதன் சுபாவம். பக்கத்தில் சோப்பை வைத்தால் சோப்பு. கீழே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மீனை வைத்தால், மாலை கட்டின மீன்.

சாயங்காலம் ஹாலில் கூட்டம். வியாழக்கிழமைப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மேசையில் செதில் மாலை. சிஞ்சு சுவரோடு சுவராக நின்றிருந்தாள். கை ஜெபமாலை மணியை உருட்டியது, உதடு அசையவில்லை.

நான் குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு இழுத்தேன்.

மீன் இல்லை. இன்னொரு முறை இழுத்தேன். இல்லை. இன்னாசிராஜின் ஸ்டோர் மரத்தில், கம்பியில், தட்டில் காலங்காலமாக ஊறிக் கிடந்த ஏலக்காய் முழுவதும் அந்தச் செதிலில் ஏறியிருந்தது. என் மாலை எந்த வருடமும் அப்படி மணந்ததில்லை. என் சொத்தைத் திருடி இன்னொருவர் உடுத்தி நிற்பது போல இருந்தது. அருவருப்பு என்றால் அதுதான் அருவருப்பு.

நாறுது என்று ஒரு சொல் போதும். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது; அந்த வாய் ஒரு கடுவன் பூனையை ஜெபமாலை சொல்ல வைத்த வாய். ஆனால் கேட்டது மூக்கை.

"ஏலக்கா மணம்" என்றேன். "முதல் தரம்."

செபமாலை என்னைப் பார்த்த பார்வையில் ஐம்பது வயது குறைந்தது. அவளுக்கா எனக்கா என்று சொல்ல மாட்டேன். சிஞ்சு ஓடிவந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் விரலில் இன்னும் மீன் வாடை. நான் கையைக் கழுவப் போனேன்.

என் மாலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூன்று முடிச்சு போட்டேன். திருவிழா முடிந்ததும் ஆழக் குழி தோண்டிப் புதைப்பதாகத் திட்டம். வீட்டில் வைக்க முடியவில்லை, பூனைகள் முற்றுகை. அதனால் மறுநாள் சப்பரத்துக்கும் கையிலேயே கொண்டுபோனேன்.

பிலோமினா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். கறுத்த, அகலமான பெண்மணி. கூடை சுமந்த கழுத்து நிமிர்ந்தே இருந்தது. எதையும் பாராட்டவில்லை, எதையும் குறை சொல்லவில்லை. குளிர் என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் பூசை முடிந்து சப்பரம் கோயில் வாசலில் எழுந்தபோது சிஞ்சு அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். விளக்கு வெளிச்சத்தில் மாதா கழுத்தில் இளஞ்சிவப்பாகச் செதில் ரோஜாக்கள் மின்னின.

பிலோமினாவின் முகம் ஒரு கணம் இளகியது. நான் பார்த்தேன். கையை நீட்டி ஒரு பூவைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

அங்கேயே முகம் மூடிக்கொண்டது.

"ஏலக்காயி" என்றார். அவ்வளவுதான். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வந்து, விருந்தாளி நிற்கிற மாதிரி நின்றார்.

சிஞ்சு திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். இத்தனை வாளி உப்பும் வினாகிரியும் எதைக் கழுவின என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் மூக்கு நுனி சிவந்தது. முதல் தரம் என்று சான்று கொடுத்தவன் நான் பக்கத்தில் நிற்கிறேன், கையில் பை.

அடுத்து நான் செய்ததை இரக்கம் என்று ஊரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். நம்ப வேண்டாம். அந்தப் பை என் கையை விட்டு எப்படியாவது போக வேண்டும், அவ்வளவுதான். முடிச்சை அவிழ்த்தேன். பக்கத்தில் நின்ற சாமி இரண்டு அடி நகர்ந்தார். மாலையை முழங்கை மடங்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, "சம்பந்தி, எங்க மலை வழக்கம்" என்று சொல்லி பிலோமினாவின் கழுத்தில் போட்டேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

"என்னங்க பண்ணுதீக" என்று செபமாலை பல்லைக் கடித்தாள்.

பிலோமினா குனிந்து மாலையைப் பார்த்தார். பச்சைக் காய், சரிகை, மலை. பிறகு மூக்கு லேசாக விரிந்தது. மாலையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு ஆழ இழுத்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இது ஆரு கெட்டியது?"

"இவருதான்" என்றாள் செபமாலை. "மீனை உலத்துன ஸ்டோர்ல இதையும் போட்டுட்டாக. நாறும் சம்பந்தி, கழட்டிருங்க."

பிலோமினா கழற்றவில்லை. முகத்தை எடுக்காமலே கேட்டார்: "ஏலக்காயில எங்க துறை மணக்குதல்லோ. இது எல்லாம் இவ வீட்டில கழுவின மீனா?"

"எல்லாம் நம்ம வீட்டு வாளியிலதான் அம்மச்சி" என்றாள் சிஞ்சு. "அப்பச்சன் சோறுகூட உண்ணாம கிடந்தாரு."

அந்த அம்மாள் சிரித்தார். மீன் கூவி விற்கிற தொண்டைச் சிரிப்பு, சப்பரம் தூக்கியவர்கள் தோளை மாற்றிக்கொண்டார்கள். பிறகு மகளை இழுத்து, மாலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். சப்பரம் நகர்ந்தது. முன்னால் மாதா ஏலக்காய் மணத்தோடு போனாள். பின்னால் சம்பந்தி மத்தி மணத்தோடு போனார். அவருக்குப் பின்னால் வரிசையாகப் பூனைகள். அந்தக் கடுவன் மெழுகுவத்தி பிடிக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

அவர் மறுநாள் பஸ்ஸுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை ஹாலில் வட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். குடிலுக்கு இந்த முறை ஆட்டுக்குட்டிகள் எல்லாம் கணவாய் மீன் ஓட்டில் செய்யப் போகிறார்களாம். ஒரு சாக்கு அனுப்பச் சொல்லி ஊருக்குப் போன் போட்டாயிற்று.

நான் வழக்கம்போல வராந்தாவில் இருந்தேன். பிலோமினா டீ கொண்டுவந்தார். கழுத்தில் அதே மாலை. என் கண்ணெதிரே அதிலிருந்து ஒரு காயைப் பிய்த்து, நகத்தால் கீறி, என் டம்ளரில் போட்டார்.

"குடிக்கணும் சம்பந்தி. ஸ்பெசல்."

ஹாலுக்குள் சிரிப்பு நின்றிருந்தது. ஜன்னல் கம்பியில் சிஞ்சுவின் முகம். குடித்தேன். ஒரு சாளை மீன் குளித்துவிட்டுத் துவட்டாமல் போன வெந்நீர் அது.

"எப்படி?" என்றார்.

அவர் கேட்டது மூக்கை இல்லை, வாயை.

"முதல் தரம்" என்றேன்.

அன்றிலிருந்து டீக்கு ஒரு காய் விழுகிறது; மாலையில் இன்னும் முக்கால் பங்கு இருக்கிறது.